தேத்தண்ணி இல்லாத தேத்தண்ணிக் கடை

1

நேற்றுக் காலை வேலைக்குப் போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், எங்கள் மேற்பார்வையாளர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். பெட்டி நிறைய வட்ட வட்டமாக பேட்ஜ்கள். ஆளுக்கொன்று எடுத்து நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டுமாம். போன மாதம் ஊதா, இந்த மாதம் பச்சை. எதற்காக இந்தப் பச்சை என்று கேட்டேன். பாவம், மனிதருக்கே தெரியவில்லை. கைப்பேசியில் தலைமை அலுவலகத்து மின்னஞ்சலைத் தேடிப் படித்துவிட்டு, "இந்த விஷயத்தில் நம் நிறுவனம் ஒரு நிலைப்பாடு எடுத்திருக்கிறது" என்றார்.

மெல்போர்னில் ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட்டில் ரொட்டி சுடுகிற பாண் பகுதியில் எனக்கு வேலை. வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. அந்தக் கம்பனிக்கு இந்த நாடு முழுக்கக் கிளைகள். உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் எங்கள் வாசலில் ஒரு போஸ்டர் ஏறிவிடும். நல்ல விஷயங்களுக்குத்தான் ஏறுகிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேலை நேரத்தைக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லுங்கள், பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று பார்க்க வேண்டாமா என்று நாங்கள் கேட்டதற்கு மட்டும் இன்றுவரை பதிலில்லை. அந்த எரிச்சலில் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்கள் வேலை நேரத்தைப் பற்றிக் கம்பனியின் நிலைப்பாடு என்ன?" என்று கேட்டேன். "அது உள்விவகாரம், சாந்தி" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே பச்சையைக் குத்திக்கொண்டேன்.

நாள் முழுக்க அந்தப் பச்சை என் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. போன வருடம் சரியாக இதே வாரம், கண்டியில் எங்கள் அப்பாவின் கடையும் ஒரு நிலைப்பாடு எடுத்தது. அந்தக் கடைக்குக் கிளையும் இல்லை, தலைமை அலுவலகமும் இல்லை. எடுத்த மறுநாள் கடை இருக்குமா இல்லையா என்பதே எங்களுக்குத் தெரியாது. ஊரில் இருக்கிற நீங்கள் அந்தக் கதையில் பாதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மீதியை நான் சொல்லத்தான் வேண்டும். வேண்டவே வேண்டாம் என்று முதலில் குறுக்கே நின்றவள் நான்.

2

கடையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து பஸ் நிலையத்துப் பக்கம் இறங்கினால் ஒரு குறுக்குத் தெரு வரும். அதில் இருக்கிறது எங்கள் சாப்பாட்டுக் கடை. காலையில் இடியப்பம், சம்பல், வடை. மத்தியானம் சோறு. நாள் முழுக்கத் தேத்தண்ணி. கலஹா, தெல்தோட்டை பஸ்களில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் நம் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கோ அரசாங்கக் கச்சேரிக்கோ போவார்கள்.

அப்பா கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில் பிறந்தவர். அம்மா கல்யாணமாகியும் பல வருடம் கொழுந்து பறித்தவர். அப்பா ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் தேத்தண்ணி ஆற்றப் பழகி, பிறகு சொந்தமாகக் கடை போட்டார். அந்த ஊரில் கடை நடத்துவதற்கு அவர் கண்டுபிடித்த வழி, யாரோடும் சேராமல் யாரையும் பகைக்காமல் இருப்பது. சுவரில் பிள்ளையார் படம் இருந்தது, பக்கத்திலேயே புத்தர், மாதா, மக்கா பள்ளிவாசல் எல்லாம் வரிசையாக இருந்தன. தேர்தல் வந்தால் எந்தக் கட்சிக்காரன் வந்து போஸ்டர் ஒட்டினாலும் பசைக்கு வெந்நீர் கொடுப்பார். ஒருவன் ஒட்டியதன் மேல் அடுத்தவன் ஒட்டுவான், அவனுக்கும் வெந்நீர் கிடைக்கும்.

ஹர்த்தால் வந்தால்தான் அப்பாவின் கெட்டித்தனம் முழுதாகத் தெரியும். மூடு என்று ஒரு கூட்டம் வரும், மூடினால் பார் என்று இன்னொரு கூட்டம் வரும். அப்பா கதவுப் பலகைகளில் பாதியைப் போட்டுவிட்டுப் பாதியைத் திறந்து வைப்பார். மூடச் சொன்னவனிடம் "மூடிக்கிட்டே இருக்கேங்க" என்பார். திறக்கச் சொன்னவனிடம் "தொறந்துக்கிட்டே இருக்கேங்க மாத்தயா" என்பார். கலவரக் காலத்தில் பக்கத்துக் கடைகள் எரிந்தபோதும் எங்கள் கடை தப்பியது. அதற்கு இந்தப் பாதிக் கதவுதான் காரணம் என்று அவர் கடைசிவரை நம்பினார்.

"நம்ம வேலை சோறு போடுறது. பேசுறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க" என்று எனக்கும் அண்ணனுக்கும் சொல்லிச் சொல்லி வளர்த்தார். சாகும்போது கடையை எங்கள் இருவர் பெயருக்கும் எழுதி வைத்தார். பாதி அண்ணனுக்கு, பாதி எனக்கு. நான் இந்தப் பக்கம் வந்த பிறகு கடையை அண்ணனும் அண்ணியும்தான் இழுக்கிறார்கள். ஆனால் ஒரு மேசை வாங்குவதென்றாலும் அண்ணன் என்னிடம் கேட்காமல் செய்யமாட்டார், அப்படி ஒரு மனிதர்.

3

போன வருடம் லீவில் போனேன். பிறந்த ஊருக்கு நான் சுற்றுலா விசாவில்தான் போக வேண்டும், அது உங்களுக்குத் தெரியும். விமான நிலையத்தில் ஒரு பெண் பிள்ளை என் ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டில் பிறந்த இடம் கண்டி என்பதையும், வந்த காரணம் சுற்றிப் பார்க்க என்பதையும் மாறி மாறிப் பார்த்தாள். பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போனால் வெளிநாட்டுக்காரர் வரிசையில் நில் என்கிறார்கள். "நான் கண்டிக்காரிங்க" என்று சிங்களத்தில் சொன்னேன். அந்தச் சிங்களம் இருபது வருடம் அலுமாரிக்குள் கிடந்ததில் மடிப்புக் கலையாமல், பள்ளிக்கூடப் புத்தகத்துச் சிங்களமாகவே வெளியே வந்தது. டிக்கெட் கொடுக்கிறவர் இன்னும் சந்தேகப்பட்டார்.

அந்த வாரம் ஊரில் எல்லார் வாயிலும் தோட்டத்துச் சம்பளம்தான். கூட்டுவோம் என்று வாக்குக் கொடுத்து நாளாகியும் கூட்டவில்லை. கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் பஸ் பிடித்து வந்து, ஒரு தோட்டக் கம்பனியின் கண்டி அலுவலகத்துக்கு முன்னால் உட்காரப் போகிறார்கள் என்று பேச்சு. அண்ணியின் தங்கச்சி தெல்தோட்டையில் கொழுந்து பறிக்கிறாள். அவளும் வருகிறாள் என்று அண்ணி சொன்னார்.

அந்தக் கம்பனியின் அலுவலகம் குளத்தைத் தாண்டி மேட்டில் இருக்கிறது. இதில்தான் சிக்கல். அந்த அலுவலகம் முழுவதற்கும் மத்தியானச் சோற்றுப் பார்சல் எங்கள் கடையிலிருந்துதான் போகிறது. பஸ் நிலையத்துப் பிளேன்டீ வியாபாரம் கடையைத் தூக்கி நிறுத்தாது. கடை நிற்பது அந்தப் பார்சலில். சமையல்கட்டில் மூன்று பெண்களுக்கு வேலை இருப்பதும் அந்தப் பார்சலால்தான்.

அண்ணி, பெயர் செல்வமணி, சமையல்கட்டின் ராணி. மெதுவாகப் பேசத் தெரியாதவர். ஒரு நாள் பின்னேரம் மூன்று மணிக்கு, கடை காலியான நேரத்தில், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவங்க வந்து ரோட்டுல குந்துற அன்னைக்கு நம்ம கடையில தேத்தண்ணி போடக் கூடாது" என்றார்.

அண்ணன் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"கடையை மூடணுமா?" என்றேன் நான்.

"எதுக்கு மூடணும்? இடியப்பம் இருக்கும், சோறு இருக்கும். தேத்தண்ணி மட்டும் கெடையாது. வாசல்ல போர்டு எழுதி வைப்போம், ஏன் இல்லேன்னு."

4

அப்பாவின் மகளாக நான் கொதித்துப் போனேன். "அண்ணி, நான் வேலை செய்யிற எடத்துல இதெல்லாம் பார்த்து அலுத்துட்டேன். கம்பனிக்காரன் போஸ்டர் ஒட்டுவான், பேட்ஜ் குத்துவான். ஒருத்தனுக்கும் ஒரு பிரயோசனமும் இல்ல. கடைக்கு எதுக்கு அரசியல்? பிடிக்காதவன் வரமாட்டான். அந்த ஆபீஸ் பார்சலை நிறுத்திட்டா என்ன செய்வீங்க?"

"நிறுத்தினா நிறுத்தட்டும்."

"அப்புறம் சமையல்கட்டுல இருக்கிற பொம்பளைங்க?"

அண்ணி உள்ளே திரும்பி, "ராத்தா, கொஞ்சம் வாங்க!" என்று கத்தினார். பாத்திமா ராத்தா வந்தார், தேங்காய் துருவிய கையோடு. அவர் எங்கள் கடையில் பார்சல் கட்டுகிற முஸ்லிம் பெண், அண்ணியை விட வயதானவர். அண்ணி மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார், வேலை போனாலும் போகலாம் என்பதையும் சேர்த்து.

"வேல போனா கஷ்டந்தான். இல்லேன்னு பொய் சொல்ல ஏலாது" என்றார். "ஆனா ஒரு நாளைக்கு தேத்தண்ணி இல்லாட்டி ஆரும் மௌத்தாகிப் போக மாட்டாங்க. செய்ங்க. மத்த ரெண்டு பேருட்டயும் நான் கதைக்கிறேன்."

அண்ணன் அப்போதும் வாசல் கதவுப் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாந்தி, பாதி உன்னோடது. நீ வேணாம்னா வேணாம்" என்றார். நான் பக்கத்தில் இல்லாத காலத்தில் இந்த வார்த்தை எனக்குப் பெருமையாக இருக்கும். அன்றைக்குப் பெரிய பாரமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து என் மகள் அனுஷா மெல்போர்னிலிருந்து வீடியோவில் அழைத்தாள். பல்கலைக்கழகத்துப் பிள்ளை. எங்கள் பேச்சைக் கேட்டதும் துள்ளிக் குதித்தாள். அவள் தமிழ் எப்போதும் அவசரத்தில் ஓடும், பாதி வினைச்சொல் வழியில் விழுந்துவிடும். "அம்மா, சூப்பர்! மாமா கடை வைரல் ஆகும்! நல்ல பிராண்ட் ஆகும்! நான் லோகோ செய்து தாறன்!" என்றாள்.

பளீரென்று கோபம் வந்தது எனக்கு. "அடியே, உன் ஆச்சி மழையில அட்டை கடிக்கக் கடிக்கக் கொழுந்து பறிச்சவ. அவளுக்கு லோகோ போடுறியா நீ?" என்றேன். பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. அவளிடம் என்ன தப்பு? அவள் வளர்ந்த ஊரில் நிலைப்பாடு என்றால் அதுதான். எடுத்தால் கூட்டம் சேரும், பெயர் கிடைக்கும், ஒன்றும் போகாது. பெற்றவள் நான் அவளுக்கு வேறு எதையும் காட்டவும் இல்லையே.

அண்ணி கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கினார். "அனுஷா கண்ணு, மாமிக்கு லோகோ வேணாம்டா. நீ நல்லா சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சாந்தி, நாட்டுல நடக்கிற எல்லாத்துக்கும் நாம பேச வேணாம். அது நமக்குத் தெரியவும் தெரியாது. ஆனா நாம விக்கிறது தேத்தண்ணி. உங்க அப்பா வித்ததும் தேத்தண்ணி. உங்க அம்மா பறிச்சதைத்தான் உங்க அப்பா ஆத்துனாரு. இந்த ஒண்ணைப் பத்திக்கூட நம்ம கடை பேசக் கூடாதா?"

வியாபாரம் செய்கிறவன் அரசியல் பேசலாமா என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான்: தான் விற்கிற பொருளைப் பற்றிப் பேசட்டும், பேசினால் தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்து பேசட்டும். மற்றதெல்லாம் பேட்ஜ்.

"சரி, செய்வோம்" என்றேன்.

"நீ போர்டைத் தொடாத. டூரிஸ்ட் விசாவுல வந்தவ அரசியல் எழுதினேன்னு பிடிச்சு அனுப்பிருவாங்க" என்று சொல்லி அண்ணனே தூரிகையை எடுத்தார். மூன்று மொழியிலும் அவர் கையாலேயே எழுதினார். தமிழில் இப்படி இருந்தது: "தோட்டத்து ஆட்களின் சம்பளம் கூட வேண்டும். அதனால் இன்றைக்கு இந்தக் கடையில் தேத்தண்ணி இல்லை. கொத்தமல்லித் தண்ணி இருக்கிறது."

5

அந்த நாள் விடிந்தது. இரண்டு பெரிய பானையில் இஞ்சி தட்டிப் போட்ட கொத்தமல்லி கொதிக்கிறது. தட்டில் கித்துள் கருப்பட்டித் துண்டுகள். வாசலில் போர்டு. எல்லாம் தயார் என்று நான் நினைத்தேன்.

எங்கள் கடையில் தேத்தண்ணி போடுகிறவர் மாணிக்கம் அண்ணே. அப்பா காலத்து ஆள். விடிந்ததும் அவர் போடுகிற முதல் தேத்தண்ணி யாருக்கும் விற்பனைக்கு இல்லை. அது பிள்ளையாருக்கு. படத்துக்குக் கீழே பலகையில் ஆவி பறக்க வைத்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த கிளாஸைத் தொடுவார். நம் ஆட்கள் தேத்தண்ணிக் கடை வைத்த இடமெல்லாம் இப்படித்தான். அது ஒரு வேலை என்றே யாரும் நினைப்பதில்லை, மூச்சு விடுகிற மாதிரி கை தானாகச் செய்யும்.

அன்றைக்கும் மாணிக்கம் அண்ணேயின் கை தானாகவே செய்துவிட்டது. யாருக்கும் தேத்தண்ணி இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பிள்ளையார் அந்தக் கணக்கில் வருவார் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

முதல் ஆளாக சுனில் உள்ளே வந்தார். கலஹா பஸ் ஓட்டுகிற சிங்களவர். அந்த லைனிலேயே காலமெல்லாம் ஓட்டித் தமிழை நம்மைப் போலவே பேசுவார். போர்டை நின்று வாசித்தார், சிங்களத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. பிறகு வந்து உட்கார்ந்து நிமிர்ந்தார். எதிரே பிள்ளையார். பிள்ளையாருக்கு முன்னால் ஆவி பறக்கிற தேத்தண்ணி.

"முதலாளி, இது என்னா ஞாயம்?" என்றார் உரக்க. "சாமிக்கி மட்டும் இருக்கு. டிரைவருக்கு இல்லையா?"

கடைக்குள் வந்திருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாணிக்கம் அண்ணே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆபீஸ்காரன் யாராவது பார்த்திருந்தால் போதும், ஊருக்கு ஒரு போர்டு, உள்ளுக்குள் தேத்தண்ணி என்று கதை கட்டியிருப்பான். அப்பாவின் பாதிக் கதவு வேலையை நாங்களும் செய்துவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதே சமயம், சாமிக்கு வைத்ததை எடுப்பதா? எங்கள் வீட்டில் எவரும் செய்யாத காரியம்.

அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்தார். வாழ்க்கையில் ஒருவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதர். நேரே போய்ப் பிள்ளையாருக்குக் கும்பிடு போட்டார். தேத்தண்ணியை எடுத்துத் தொட்டியில் ஊற்றினார். கிளாஸைக் கழுவினார். பானையிலிருந்து கொத்தமல்லித் தண்ணியை மொண்டு, ஒரு துண்டு கருப்பட்டியோடு அதே இடத்தில் வைத்தார்.

"இன்னைக்கு அவருக்கும் கொத்தமல்லிதான்" என்றார்.

சுனில் மேசையில் ஓங்கித் தட்டிச் சிரித்தார். "அப்ப எனக்கும் ஊத்துங்க! சாமியே குடிக்கிறாருனா நான் யாரு?" என்றார். குடித்து முடித்துவிட்டுப் போனவர் சும்மா போகவில்லை. பஸ் நிலையம் முழுக்க, ஒவ்வொரு டிரைவரிடமும் கண்டக்டரிடமும், சாமிக்கே தேத்தண்ணி கொடுக்காத கடை ஒன்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்.

ஐயோ, அதற்குப் பிறகு வந்த கூட்டத்தை என்ன சொல்ல! பிள்ளையார் என்ன குடிக்கிறார் என்று பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். எட்டிப் பார்த்தவன் போர்டை வாசிப்பான், வாசித்தவன் உட்கார்ந்துவிடுவான். கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். ஒரு பெரியவர், "இது கடையா, கட்சி ஆபீஸா?" என்று ஏசிவிட்டு எழுந்து போனார். அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன், காலையில் ஒரு பிளேன்டீ குடிக்க முடியாவிட்டால் எனக்கும் அப்படித்தான் இருக்கும். சிலோன் டீ குடிக்க வந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒன்றிடம் விஷயத்தை விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சொல்லி முடித்ததும் அந்த அம்மா, தேயிலை பறிக்கிறவர்களுக்கு இன்னும் இப்படியா என்று கேட்டார். இரண்டு கிளாஸ் கொத்தமல்லி குடித்தார்.

பத்து மணிபோல எதிர்ப்பக்கத்து முஸ்லிம் ஹோட்டல் முதலாளி வந்து எங்கள் போர்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "சிங்களத்துல எழுதினது ஆரு? எனக்கும் ஒண்டு எழுதித் தாங்க" என்றார் அண்ணனிடம். மத்தியானத்துக்கு முன்பே அந்தத் தெருவின் முனையிலிருந்த சிங்கள பேக்கரியிலும் தேத்தண்ணி நின்றது. அவர்கள் பெலிமல் என்கிற வில்வப்பூத் தண்ணி ஊற்றினார்கள். அண்ணன் போர்டு எழுதி எழுதிக் கையெல்லாம் பெயிண்ட். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

6

பார்சல் கட்டிக்கொண்டிருக்கும்போது ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் சிவநேசன் ஐயா, அங்கே நிர்வாகம் பார்க்கிற யாழ்ப்பாணத்துக்காரர். மரியாதையான மனிதர். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"மகேந்திரன், நான் உமக்கு என்னெண்டு சொல்லுறது... மேல உங்கட போர்டைப் பற்றிக் கதை வந்திட்டுது. இண்டைக்குச் சாப்பாடு வேண்டாமாம். இனியும் வேண்டாமாம்."

"ஐயா, சோறெல்லாம் கட்டியாச்சுங்க."

"ஓம், எனக்கு விளங்குது. என்ர கையில ஒண்டும் இல்லை, ராசா" என்று வைத்துவிட்டார்.

மேசை நிறையப் பார்சல். பாத்திமா ராத்தா கட்டிக்கொண்டிருந்த பார்சலின் நூலை முடிச்சுப் போட்டு முடித்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் அப்பாவின் பயம் எட்டிப் பார்த்தது. சரி என்று சொன்னது நான்தானே, நான் இன்னும் சில நாளில் விமானம் ஏறிவிடுவேன், இவர்கள் என்ன செய்வார்கள்?

அண்ணி மட்டும் அசரவில்லை. "என்னாங்க எல்லாரும் எழவு வீட்டுல மாதிரி நிக்கிறீங்க? அந்த ஆபீஸுக்குக் கட்டின சோறு, அந்த ஆபீஸுக்கே போகட்டும். உள்ள வேணாம்னா வெளிய குடுங்க!" என்றார்.

கூடைகளைத் தூக்கிக்கொண்டு போனோம். விசாவை மறந்து நானும் ஒரு கூடையைத் தூக்கினேன். ரோட்டோரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள், விடியப் புறப்பட்டு வந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள். அண்ணியின் தங்கச்சி எங்களைக் கண்டு எழுந்து ஓடி வந்தாள். "அக்கா, இது யாரு குடுத்தா?" என்றாள். "கம்பனி குடுத்துச்சு, சாப்பிடு!" என்றார் அண்ணி. அந்த வரிசை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. மாடி ஜன்னல்களில் ஆபீஸ் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். தங்கள் சோறு கீழே பரிமாறப்படுவதை அவர்கள் கண்ணால் கண்டார்கள்.

7

மறுநாள் தேத்தண்ணி வழக்கம்போல ஓடியது. பார்சல் இல்லை. சமையல்கட்டில் பாதி அடுப்பு அணைந்து கிடந்தது. அண்ணன் வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒரு பெண்ணையாவது நிறுத்த வேண்டி வருமோ என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

சாப்பாட்டு நேரம் வந்தது. முதலில் இரண்டு பேர் வந்தார்கள், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்க. பின்னால் இன்னும் சிலர். பிறகு பார்த்தால் குளத்தோரமாக ஒரு ஊர்வலமே இறங்கி வருகிறது. சிங்களப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், கணக்குப் பிரிவு, டிரைவர்மார். ஆபீஸில் வேறு எங்கிருந்தோ பார்சல் எடுத்தார்களாம், ஒருவரும் திறக்கவில்லையாம். மேசையில் இடம் போதாமல் வாசலில் நின்று தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிட்டார்கள். ஒரு சிங்களப் பிள்ளை அண்ணியிடம் வந்து, தன் தாயும் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் என்று சொன்னாள். அண்ணி அவள் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார்.

அடுத்த நாளும் வந்தார்கள். அதற்கடுத்த நாளும் வந்தார்கள். மேட்டிலிருந்து இறங்கி வர வேண்டும், இடம் பிடிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், பேச வேண்டும், ஒரு பிளேன்டீயும் குடிக்க வேண்டும், பிறகு மூச்சு வாங்க மேட்டில் ஏற வேண்டும். பின்னேரம் ஆபீஸ் கதிரைகளில் ஆள் இல்லை. ஒருவரும் கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. சாப்பிடத்தானே போனார்கள், யார் என்ன சொல்ல முடியும்?

சம்பளம் பிறகு கூடியது, கேட்ட அளவுக்கு இல்லை. அதற்கும் எங்கள் கொத்தமல்லிப் பானைக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லமாட்டேன். அண்ணியிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் காலை கடை ஃபோன் அடித்தது. அண்ணன் சந்தைக்குப் போயிருந்தார். நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆர், மகேந்திரன்ர தங்கச்சியே? நான் சிவநேசன்." குரலில் ஒரு தயக்கம். "பிள்ளை, நாளையில இருந்து பழையபடி சாப்பாடு அனுப்பச் சொல்லுறினம். மத்தியானத்துக்குப் பிறகு ஆபீசில ஒரு வேலையும் நடக்குதில்லை, கண்டீரோ."

சமையல்கட்டில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். "சந்தோசம் ஐயா" என்றேன்.

"ஆனா ஒண்டு. மேல சொல்லுறினம், இனி அப்பிடிப் போர்டு ஒண்டும் வைக்கக் கூடாதெண்டு. அதுக்கு உங்கட வாயால ஒரு சொல்லு வேணுமாம்."

பாதி என்னுடையது. அண்ணனைக் கேட்க அவர் அங்கே இல்லை. பாத்திமா ராத்தாவைப் பார்த்தேன். அவர் மெல்லத் தலையை ஆட்டினார், கூடாது என்று.

"ஐயா, அந்தச் சொல்லு எங்ககிட்ட இல்லீங்க" என்றேன். "வேணும்னா ஒண்ணு செய்யலாம். அடுத்த தடவை போர்டு வைக்கிறதா இருந்தா, முதல் நாளே உங்களுக்குச் சொல்லி அனுப்புறோம். அன்னைக்கு ஒரு மத்தியானம் மட்டும் நீங்க வேற எடம் பார்த்துக்கங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கெட்டது போ, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. சிவநேசன் ஐயா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

"சரி, நான் அதை அப்பிடியே மேல சொல்லிப்போட்டு எடுக்கிறன்" என்று வைத்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றோம். அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகுதான் ராத்தா திரும்பிக் கிண்டினார். ஃபோன் மறுபடி அடித்தது.

"பிள்ளை, நாளைக்கு எல்லாருக்கும் அனுப்புங்கோ. முந்தி மாதிரியே." ஐயா குரலைத் தாழ்த்தினார். "எங்கட பெரிய துரையும் இனி உங்கட கடைச் சாப்பாடுதானாம். மீன் குழம்பில மட்டும் கொஞ்சம் உறைப்பைக் குறைக்க ஏலுமோ எண்டு கேக்கிறார்."

நான் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு உள்ளே திரும்பி, காரத்தைக் குறைக்கலாமா என்று கேட்டேன்.

"ஏலாதுன்னு சொல்லு!" என்றார் அண்ணி.